வாடகை வீட்டு மண்ணுக்குள் ஓடும் கேஸ் குழாய்: துருச் சோதனை யார் தலையில்?

அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்கள் கூரைக்கு ஒரு ஆள், ஏசிக்கு ஒரு ஆள், கரையானுக்கு ஒரு ஆள் என்று வைத்திருப்பார்கள். தோட்டத்து மண்ணுக்குள் போகும் கேஸ் குழாயைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் கேஸ் கம்பெனி பார்த்துக்கும்" என்பார்கள். பாதி வீடுகளில் அது சரிதான். மீதி வீடுகளில் யாருமே பார்ப்பதில்லை.

உங்கள் வீடு எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதில் தொடங்கி, சோதனையை எப்படிச் செய்விப்பது என்பது வரை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். இன்ஜினீயரிங் படித்திருக்கத் தேவையில்லை.

படி 1: மீட்டர் எங்கே இருக்கிறது?

பொதுவான கணக்கு இதுதான்: தெருவிலிருந்து மீட்டர் வரை கேஸ் கம்பெனியின் பொறுப்பு, மீட்டரைத் தாண்டினால் சொத்துக்காரர் பொறுப்பு. மீட்டர் வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தால், மண்ணுக்குள் உங்கள் குழாய் பெரும்பாலும் இருக்காது. கொல்லைப்புறத்துக் கிரில்லுக்கோ நீச்சல்குளத்து ஹீட்டருக்கோ தனிக்குழாய் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் வேலி ஓரத்திலோ பின்சந்திலோ நின்றால் கதை வேறு. அங்கிருந்து வீடு வரை மண்ணுக்குள் போகும் குழாய் உங்களுடையது. அதைத் தான் பராமரிப்பதில்லை என்றால், கேஸ் கம்பெனி அதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். இது கூட்டாட்சி விதி 192.16. குழாய் துருப்பிடிக்கலாம், கசியலாம், அவ்வப்போது சோதிக்க வேண்டும், பக்கத்தில் தோண்டுவதானால் கையால்தான் தோண்ட வேண்டும் என்றெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கும். கேஸ் இணைப்பு கொடுத்த 90 நாளுக்குள் அதை அனுப்ப வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அது போய்ச் சேருவது "வாடிக்கையாளருக்கு". வாடகை வீட்டில் கேஸ் கணக்கு யார் பெயரில் இருக்கும்? குடியிருப்பவர் பெயரில். அவர் அதை விளம்பரக் கடிதம் என்று நினைத்து ஓரமாகப் போட்டுவிடுவார். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. காலி செய்துவிட்டுப் போனவரின் சமையலறை இழுப்பறையில், பீட்சா கூப்பன்களுக்கு நடுவில் அந்தத் தாள் கிடந்தது. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, குழாய் அவருடையது இல்லையே. ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: கேஸ் கம்பெனியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாடகைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: மீட்டர்களை எண்ணுங்கள்

நான்கு வீட்டுக் கட்டடம், மொபைல் ஹோம் பார்க், சின்ன அபார்ட்மென்ட் வளாகம் என்று வைத்திருப்பவர்கள் இந்தப் படியில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கம்பெனி மீட்டர் இருந்தால் நல்லது. வளாகத்துக்கே ஒரே பெரிய மீட்டர் இருந்து, அதற்குப் பின்னால் உங்கள் குழாய்கள் மண்ணுக்குள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பிரிந்து போகின்றனவா? அந்த கேஸுக்கான பணம் தனி பில்லாகவோ வாடகைக்குள் சேர்ந்தோ உங்களுக்கு வருகிறதா? அப்படியென்றால் உங்கள் வளாகம் 'மாஸ்டர் மீட்டர்' அமைப்பு. சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெறும் வீட்டுக்காரர் இல்லை, குழாய்ப்பாதையை இயக்குபவர். பெரிய கேஸ் கம்பெனிகளுக்கு உள்ள அதே விதித்தொகுப்புதான், சில சலுகைகளோடு, உங்களுக்கும்.

கொதிகலனை நீங்களே வைத்து எல்லா வீட்டுக்கும் வெந்நீர் மட்டும் கொடுக்கிறீர்கள், வாடகைக்காரரின் அடுப்புக்கு கேஸ் போகவில்லை என்றால் பொதுவாக இந்த வகைக்குள் வராது. ஆனாலும் உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டெக்சாஸில் அந்த அலுவலகத்தின் பெயர் ரயில்ரோடு கமிஷன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ரயிலுக்கும் அதற்கும் இன்று சம்பந்தமில்லை. கேஸ், எண்ணெய்க் குழாய்கள்தான் அதன் வேலை.

பராமரிப்பை மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. "கேஸ் குழாய்ச் சோதனை வாடகைதாரர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தே வாங்கினாலும், மாநில ஆய்வாளர் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

படி 3: குழாய் எதனால் ஆனது?

மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது. ஆனால் அதை மண்ணிலிருந்து மேலே கொண்டுவரும் ரைசர், நடுவில் உள்ள இணைப்புகள் இரும்பாக இருக்கலாம். அவை துருப்பிடிக்கும். பழைய சொத்துகளில் முழுக் குழாயுமே இரும்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

1971 ஜூலை 31-க்குப் பிறகு போட்ட இரும்புக் குழாய்க்கு மேல்பூச்சும் கேத்தோடு பாதுகாப்பும் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளி வேதியியலில் படித்ததுதான் இது. இரும்பைவிடச் சுலபமாக அரியும் மக்னீசியக் கட்டியைக் குழாயோடு கம்பியால் இணைத்துப் புதைத்துவிடுவார்கள். மண்ணின் ஈரம் அந்தக் கட்டியைத் தின்னும், குழாய் தப்பிக்கும். கட்டி கரைந்து முடிந்ததும் அடுத்தது குழாய்தான். துருச் சோதனையில் நாம் கேட்பது ஒரே கேள்வி: கட்டி இன்னும் வேலை செய்கிறதா?

பழைய குழாயில் ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் புது இரும்புத் துண்டு வைப்பவர்கள் உண்டு. பழைய இரும்போடு சேர்ந்தால் புது இரும்புதான் வேகமாக அரியும். சிக்கனம் பார்த்துச் செய்த ரிப்பேர் சீக்கிரமே திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: ரைசரைக் கண்ணால் பாருங்கள்

செலவில்லாத படி. குழாய் மண்ணிலிருந்து வெளியே வரும் அந்த இரண்டு அங்குலம்தான் முக்கியம். பூச்சு உரிந்திருக்கிறதா, புல்வெட்டும் மெஷின் கீறியிருக்கிறதா, யாராவது சுற்றிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மீட்டர் அருகில் மின்காப்பு இணைப்பு ஒன்று இருக்கும். மக்னீசியம் தரும் மின்னோட்டம் வீட்டுக்குள் இருக்கும் குழாய்களுக்கு ஓடிப் போகாமல் தடுப்பது அதன் வேலை. கேபிள் டிவி போட வந்தவர் எர்த் கம்பியை ரைசரில் மாட்டிவிட்டுப் போயிருந்தால் அந்தத் தடுப்பு வீண். அப்படி எதையாவது பார்த்தால் நீங்களாகக் கழற்ற வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 5: அளவு எடுப்பது

மாஸ்டர் மீட்டர் அமைப்பில் இந்த அளவைத் தகுதி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

செம்பு–செம்பு சல்பேட் நிரப்பிய குழல் போன்ற ஒரு மின்முனையைக் குழாய்க்கு மேலே உள்ள மண்ணில் ஊன்றுவார்கள். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும், இல்லையென்றால் அளவு தப்பாக வரும். வோல்ட்மீட்டரின் கறுப்பு ஒயர் அந்த மின்முனைக்கு, சிவப்பு ஒயர் ரைசருக்கு. ரைசரில் தொடும் இடம் மின்காப்பு இணைப்புக்கு மண் பக்கமாக இருக்க வேண்டும்.

வழக்கமான எல்லை –0.85 வோல்ட். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மைனஸ் அளவு என்பதால் –0.95 வந்தால் பாதுகாப்பு உண்டு, –0.70 வந்தால் போதாது. வெறும் இரும்பே மைனஸ் அரைக்கு மேல் காட்டும் என்பதால் "ஏதோ அளவு வருதே" என்று திருப்திப்படக் கூடாது. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

தனி வீட்டுக்காரர்களுக்கு இந்த அளவைக் கட்டாயமாக்கும் கூட்டாட்சி விதி இல்லை, அறிவிப்பு "சோதியுங்கள்" என்று அறிவுறுத்துவதோடு சரி. என் கருத்து, பழைய இரும்புக் குழாய் என்றால் லைசென்ஸ் உள்ள பிளம்பரைக் கூப்பிட்டு அழுத்தச் சோதனையாவது செய்துவிடுங்கள். கசிந்தால் ஒட்டுப்போடாமல் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிடுங்கள்.

படி 6: நாட்காட்டி

மாஸ்டர் மீட்டர்காரர்களுக்கு மட்டும்:

– கேத்தோடு பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு காலண்டர் ஆண்டிலும் ஒரு முறை, இடைவெளி 15 மாதத்தைத் தாண்டக் கூடாது.
– குழாய் 100 அடிக்கு மிகாத தனித்தனித் துண்டுகளாக இருந்தால், ஆண்டுக்கு அவற்றில் 10 சதவீதத்தைச் சோதித்தால் போதும், வேறு வேறு இடங்களாக, 10 ஆண்டில் மொத்தமும்.
– மக்னீசியக் கட்டிக்குப் பதிலாகக் குழாய்க்குப் பாதுகாப்பு மின்னோட்டம் தரும், மின்சாரத்தால் இயங்கும் ரெக்டிஃபையர் கருவி இருந்தால் அதற்கு ஆண்டுக்கு 6 முறை, இரண்டரை மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல்.

கசிவுச் சோதனைக்குத் தனி அட்டவணை உண்டு. அதை மாநில அலுவலகத்தில் கேட்டு இதோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் சோதித்துவிட்டு அடுத்ததை 2025 டிசம்பரில் செய்தால் ஆண்டுக்கு ஒன்று ஆகிவிடும், ஆனால் இடைவெளி 23 மாதம். விதிமீறல்தான்.

ஒவ்வொரு முறையும் தேதி, இடம், வோல்ட் அளவு, எடுத்தவர் பெயர் நான்கையும் எழுதி வையுங்கள். அந்தக் குழாய் பயன்பாட்டில் இருக்கும்வரை இந்தச் சோதனைப் பதிவுகளைத் தூக்கிப்போடக் கூடாது. சொத்தை விற்றால் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

படி 7: வாடகைக்காரரிடம் சொல்ல வேண்டியவை

சோதனை அவர் வேலையில்லை, ஆனால் அங்கேயே இருப்பவர் அவர்தான். செடி நடவோ வேலிக்கம்பு ஊன்றவோ தோண்டும் முன் உங்களிடம் சொல்ல வேண்டும். 811-ஐ அழைத்தால் கம்பெனிக் குழாய்களை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள், ஆனால் மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள உங்கள் குழாயைப் பொதுவாகக் குறிக்க மாட்டார்கள். அதற்குத் தனி ஆள் வைக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியே போய், தள்ளி நின்று முதலில் 911-க்கும் கேஸ் கம்பெனிக்கும் போன் செய்ய வேண்டும், அப்புறம் உங்களுக்கு. இதை ஒரு தாளில் அச்சடித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.