10 மீட்டர் ஏர் ரைஃபிள்: எதைக் காசு கொடுத்து வாங்குவது, எதை நாமே செய்துகொள்வது?

கிளப்பில் சேர்ந்து, நிற்கும் நிலை கொஞ்சம் பிடிபட ஆரம்பித்ததும் அடுத்து வந்து நிற்பது பணம்தான். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர், அன்ஷூட்ஸ் என்று எந்த ஐரோப்பிய மேட்ச் ரைஃபிளைப் புதிதாக எடுத்தாலும் லட்சங்களில் போகும். அதற்கு மேல் ஜாக்கெட், ஷூ, ஸ்டாண்ட், ரைஃபிளில் மாட்டும் எடைக்கட்டி என்று பட்டியல் நீளும்போது நடுத்தரக் குடும்பம் மலைத்துப்போகிறது. அந்தப் பட்டியலில் பாதியை வீட்டிலோ பக்கத்துப் பட்டறையிலோ செய்துகொள்ளலாம். மீதியில் கை வைக்கவே கூடாது.

பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. காற்றழுத்தம் தாங்குகிற பாகமும் பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டைத் தொடுகிற பாகமும் கடையில் வாங்க வேண்டியவை. உடம்பைத் தொடுகிற பாகத்தை முதலில் அட்டையிலும் பிளைவுட்டிலும் செய்து பாருங்கள். அளவு தெரிந்த பிறகு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். இரண்டிலும் சேராததை முழுக்க நீங்களே செய்யுங்கள்.

முதலில், கை வைக்கக் கூடாதவை

குழல், சிலிண்டர், வால்வு. நுட்பமான வேலை என்பதால் டிரிக்கரும் டயாப்டரும் (கண்ணுக்கு அருகே இருக்கும் குறிபார்க்கும் துளை) இதில் சேரும். கோயம்புத்தூர் மாதிரி ஊரில் எதைக் கேட்டாலும் லேத்தில் போட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஆனாலும் சிலிண்டரை அங்கே கொண்டுபோகாதீர்கள். 200 பார் அழுத்தம் அடைபட்டிருக்கும் பொருள் அது. அதன் மேல் பொறித்திருக்கும் தேதி முடிந்துவிட்டால் போட்டியில் அனுமதி கிடையாது. பழைய ரைஃபிள் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அந்தத் தேதிதான். விற்பவரிடம் கேட்டு, காற்றை நிரப்பி, அளவுமானியைப் படம் எடுத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் சீல் மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். தேதி முடியப்போகிற சிலிண்டர் என்றால், புதிய சிலிண்டரின் விலையையும் சேர்த்த பிறகுதான் அந்த ரைஃபிள் மலிவா என்று சொல்ல முடியும்.

வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் இருக்கும்வரை இந்தியாவில் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. மேட்ச் ரைஃபிளின் ஆற்றல் இதில் பாதிகூட வராது. 10 மீட்டரில் அதுவே தாராளம். அதைக் கூட்டினால் புள்ளி ஏறாது, சட்டச் சிக்கல்தான் வரும்.

பெல்லட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 10 என்ற வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. ஒரே கம்பெனியில் 4.49, 4.50 என்று தலையளவு மாறும். உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ரைஃபிளைப் பட்டறைப் பிடியில் துணி சுற்றிப் பிடித்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். நெருங்கி விழுந்த டப்பாவின் பேட்ச் எண்ணைக் குறித்து வைத்து, அதே எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். ஒரு போட்டிக்கு 60 குண்டு. 500 உள்ள டப்பா எட்டுப் போட்டிக்குத்தான் வரும்.

கன்னமும் தோளும்: நேரம் பிடிக்கிற இடம்

பலரும் பணத்தை விடும் இடம் இது. எனக்கும் அதிக நாள் பிடித்தது இதுதான். எல்லாப் பக்கமும் நகர்கிற அலுமினிய பட் பிளேட்டையும் (தோளில் பதியும் தகடு) கன்னத்தாங்கியையும் முதலிலேயே வாங்கிவிட்டால், தினம் ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே இருக்கத் தோன்றும். எந்த அளவு சரி என்று தெரியாதவர் கையில் பத்துத் திருகு இருந்து பயனில்லை. அளவு முதலில், பொருள் பிறகு.

ரைஃபிளில் பெல்லட்டும் இல்லை, காற்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய காலண்டர் அட்டையைக் கன்னத்தாங்கியின் அகலத்துக்குத் துண்டு துண்டாக வெட்டுங்கள். நின்று, கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளில் வைத்துத் தலையை அதன் பாட்டுக்குச் சாயவிடுங்கள். கழுத்தில் எந்த இழுப்பும் இருக்கக் கூடாது. இப்போது கண்ணைத் திறங்கள். டயாப்டரின் துளைக்குள், குழல் முனையில் இருக்கும் முன்வளையம் நடுவில் தெரிந்தால் உயரம் சரி. வளையத்துக்குக் கீழே நிழல் கட்டினால் கண் தாழ்ந்திருக்கிறது, ஓர் அட்டை கூட்டுங்கள். மேலே கட்டினால் ஓர் அட்டை எடுங்கள். அட்டைகளை இன்சுலேஷன் டேப் போட்டுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து.

ஒரே நாளில் முடித்துவிட வேண்டாம். காலையில் சரியாக இருந்தது சாயங்காலம் தடித்துத் தெரியும். ஜாக்கெட் போட்டால் தோள் உயர்ந்து எல்லாமே மாறும். அதனால் ஜாக்கெட் போட்டுக்கொண்டே அளவெடுங்கள். சில வாரம் அட்டையில் கை வைக்கத் தேவையில்லாமல் போகும்போது வெர்னியரால் மொத்தக் கனத்தை அளந்து, அந்தக் கனத்துக்கு பிளைவுட் வெட்டி, ஓரத்தை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டுங்கள். முகம் படும் இடம் என்பதால் மேலே மெல்லிய தோல் ஒட்டினால் வியர்வையில் வழுக்காது.

பட் பிளேட்டுக்கும் இதே வேலைதான். ஆனால் அங்கே உயரத்தைவிட நீளம் முக்கியம். தலையைக் குனிந்து ரைஃபிளிடம் கொண்டுபோகக் கூடாது, ரைஃபிள்தான் முகத்துக்கு வர வேண்டும். குழந்தைகளுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் ஸ்டாக் (ரைஃபிளின் கட்டை) பெரும்பாலும் நீளமாகத்தான் இருக்கும், கூட்டுவதைவிடக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்காக நல்ல ஸ்டாக்கை அறுத்துவிடாதீர்கள். ஸ்டாக்குக்கும் பட் பிளேட்டுக்கும் இடையில் இருக்கும் தகடுகளை எடுத்துப் பாருங்கள். பட் பிளேட்டை நீங்களே செதுக்கினால் வளைவின் ஆழம் 20 மி.மீ. தாண்டக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

எம்-சீல் கொண்டு மேடு கட்டுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. காய்ந்த பிறகு அரை மில்லிமீட்டர் குறைக்க வேண்டுமென்றால் படாத பாடு படுத்தும். பிளைவுட்டே மேல்.

முழுக்க நம் கைவேலை

எடைக்கட்டி: லேத் பட்டறையில் பித்தளைத் துண்டு கேட்டு வாங்குங்கள். மொத்த ரைஃபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. டயாப்டர் உட்பட எல்லாவற்றையும் மாட்டிவிட்டு எடை போடுங்கள்.

குறிபார்க்காத கண்ணுக்கு மறைப்பு: ஐஸ்கிரீம் டப்பா மூடியில் 30 மி.மீ. அகலத்துக்கு மேல் போகாமல் ஒரு பட்டை. வெள்ளையாக, ஒளி ஊடுருவுவதாக இருக்கட்டும். கறுப்பால் மறைத்தால் அந்தக் கண்ணின் பாப்பா விரியும், கூடவே குறிபார்க்கும் கண்ணின் பாப்பாவும் விரிந்து குறி மங்கும்.

பாதுகாப்புக் கொடி (குழல் காலி என்று காட்டுவது): புல்வெட்டும் மெஷினுக்கான ஆரஞ்சு நைலான் கயிறு. குழலின் இரு முனையிலும் வெளியே தெரியும் நீளத்தில் வெட்டுங்கள்.

சுட்ட பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டி: வெல்டிங் பட்டறையில் 3 மி.மீ. இரும்புத் தகட்டை 45 பாகையில் சாய்த்து, முன்பக்கம் தவிர எல்லாப் பக்கமும் மூடிய பெட்டிக்குள் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஈயம் தகட்டில் பட்டுக் கீழே விழும். குறித்தாளின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டரில் நிற்கட்டும். சுடும் பாதையில் கதவோ ஜன்னலோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். பெட்டியைக் காலி செய்யும்போது பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயத் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தாய் கேட்டிருந்தார்: பன்னிரண்டு வயது மகள் வளர்ந்துகொண்டே இருக்கிறாள், அவளுக்கும் பிளைவுட்தானா? இல்லை அம்மா. அவளுக்கு அளவு நிலைக்காது. சில மாதத்துக்கு ஒரு முறை வெட்டி ஒட்ட வேண்டிவரும். வளரும் பிள்ளைக்கு நகரும் பட் பிளேட் வாங்குவதுதான் சிக்கனம். ஆனால் ரைஃபிளை இப்போதே வாங்காதீர்கள். கிளப் ரைஃபிளில் அவள் அட்டை வைத்துப் பழகட்டும், மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல ஷூவும் பெல்லட்டும் வாங்கிக் கொடுங்கள்.