வில்லின் கைகளுக்குத் தடிமனும் சரிவும் கணக்கிடுவது எப்படி?

வில்லின் கைகள், அதாவது கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகள், மெல்லிய மர, மூங்கில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்பவை. தகடுகளைப் பசை பூசி இறுக்கிய பிறகு தடிமனைக் கூட்ட முடியாது. அறுப்பதற்கு முன்பே தாளில் கணக்குப் போட்டுவிடுங்கள்.

கையின் அகலத்தை 10% கூட்டினால் விறைப்பும் 10% கூடும். தடிமனை 10% கூட்டினாலோ 33% கூடும். அரை மில்லிமீட்டர்கூட இங்கே பெரிய அளவுதான். அளவுகோலை நம்பாதீர்கள், வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள்.

என் வில்லின் நீளம் 170 செ.மீ. கைப்பிடி போக, வளையும் பகுதி பக்கத்துக்கு 70 செ.மீ. அகலம் கைப்பிடியை ஒட்டிய அடியில் 38 மி.மீ.; நேர்க்கோட்டில் குறைந்து நுனியில் 12 மி.மீ. அகலமே இவ்வளவு குறைவதால் தடிமனில் மீட்டருக்கு 2 மி.மீ. சரிவு (அடியிலிருந்து நுனிக்குத் தடிமன் குறையும் வீதம்) போதும். அடியில் 11, நுனியில் 9.6.

முதல் வில்லை நான் கெடுத்தது இங்கேதான். முதுகுக்கு (எய்பவருக்கு அப்பால் உள்ள பக்கம்) மூங்கில், வயிற்றுக்கு (எய்பவரை நோக்கிய பக்கம்) ஹிக்கரி மரம், இரண்டும் சீரான தடிமன். நடுவில் இரண்டு மேப்பிள் தகடுகள். மீட்டருக்கு 2 மி.மீ. சரிவை இரண்டிலுமே இழைத்துவிட்டேன். ஒட்டியதும் அவை கூடி 4 ஆகிவிட்டன. நுனி 8.2 மி.மீ.தான் தேறியது, அங்கே விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. நாணைப் பாதி இழுத்தபோதே நுனிகள் மட்டும் சுருண்டன, அடிப்பகுதி அசையவே இல்லை. இரண்டு மாத உழைப்பு. இன்றும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஆகவே எல்லாத் தகடுகளின் சரிவையும் கூட்டிப் பாருங்கள். ஒரே தகட்டில் மட்டும் சரிவு வைப்பதையே நான் விரும்புகிறேன். தகட்டின் இருபுறமும் அதே சரிவுள்ள சட்டங்களைப் பொருத்தி, அவற்றின் மேல் இழைப்புளியை ஓட்டுங்கள்; சட்டத்தைத் தொட்டதும் அது மேற்கொண்டு சீவாது. வீவக (சிங்கப்பூர் அரசின் அடுக்குமாடி) வீட்டில் மின் இயந்திரத்தின் இரைச்சலும் தூசியும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை. கை இழைப்புளி போதும். தகட்டில் ‘அடி’, ‘நுனி’ என்று பென்சிலால் எழுத மறக்காதீர்கள்.

ஒட்டிக் காய்ந்ததும் 10 செ.மீ.க்கு ஒருமுறை அளந்தால் 11, 10.8, 10.6 என்று 0.2 வீதம் இறங்க வேண்டும்.

பின்சேர்க்கை: சரிவு சரியாக இருந்தும் நாணை இறக்கிய பின் வில் நிமிரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். காரணம் ஈரம். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சுமார் 80%. அதில் கிடக்கும் மரம் ஏறக்குறைய 16% ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வில்லுக்கு 8 முதல் 10% தான் நல்லது. ஒட்டுவதற்கு முன் தகடுகளை ஈரம் உறிஞ்சும் கருவியோடு அலமாரியில் பூட்டி வையுங்கள். தினமும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு பசையை எடுங்கள்.