ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் எங்கள் சபையில் ஞானஸ்நான வகுப்பு நடத்தப் புதிதாகச் சில தம்பி தங்கைகள் வந்திருக்கிறார்கள். நல்ல ஆர்வம். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நேரத்துக்கு வாருங்கள், வேதாகமம் கொண்டு வாருங்கள் என்றெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

தேதியை முதலில் குறிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பெண் நம் சபைப் பிள்ளை, மாப்பிள்ளை இந்துக் குடும்பம், டிசம்பரில் கல்யாணம், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, அதற்கு முன்னால் ஞானஸ்நானத்தை முடித்துக் கொடுங்கள் என்று பெண் வீட்டார் வந்து நிற்பார்கள். வகுப்பு நடத்தும் நம் ஆளும் காலண்டரைப் புரட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டு, அதற்குள் எத்தனை பாடம் நடத்தலாம் என்று கணக்குப் போடுவார்.

அப்படி வந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். பாவம் என்றால் என்ன, சிலுவை எதற்கு, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மேசைக்குக் கீழே கைப்பேசியை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் குறிப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சொன்னார். அவராக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. ஞானஸ்நானம், கல்யாணம், விருந்து எல்லாம் நடந்தது. அப்புறம் அவர் ஆலயப் பக்கமே வரவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் அவருடைய அம்மா. "பொண்ணு கொடுக்கிறதுக்காக என் பிள்ளையை மாத்திட்டாங்க" என்று அழுதார். அவர் சொன்னதில் என்ன பொய்? அந்த வீட்டு வாசலில் போய் நின்று இனி யார் சுவிசேஷம் பேசுவது?

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்து பாருங்கள். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கம் கேட்ட ஜனங்கள்தான் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று பேதுருவிடம் கேட்கிறார்கள். வழியில் தண்ணீரைக் கண்டதும் எனக்கு என்ன தடை என்று பிலிப்புவிடம் கேட்கிறவர் எத்தியோப்பிய மந்திரி. பிலிப்பி ஊர்ச் சிறைக்காவலனும் நடுராத்திரியில் தானே கேட்கிறான், அந்த ராத்திரியிலேயே ஞானஸ்நானம் பெறுகிறான். ஆக, சீக்கிரம் கொடுப்பது தவறில்லை. கேள்வி அவரிடமிருந்து வந்ததா என்பதுதான் விஷயம். சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோனும் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன்தான், கொஞ்ச நாளில் பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான்.

கல்யாணம் மட்டுமல்ல. தொடக்கநிலை ஒன்றுக்கான (முதல் வகுப்பு) பதிவில், பள்ளியோடு இணைந்த தேவாலயத்தின் ஒப்புதல் பெற்ற உறுப்பினர்கள் 2பி என்ற முன்னுரிமைக் கட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதால், பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது திடீரென்று ஞானஸ்நானம் கேட்கும் பெற்றோரும் உண்டு.

இவர்களைத் துரத்தாதீர்கள். வகுப்புக்கு வரட்டும், தேதி மட்டும் வேண்டாம். கல்யாணத்துக்கு வேறு வழி உண்டா என்று போதகரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் அனுமதி பெறும் முறை இருக்கிறது. பொய்யாக முழுகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெயரை மாற்றச் சொல்வது

வேண்டாம். செந்தில் செந்திலாகவே வரலாம்.

முழுக்கா தெளிப்பா

தண்ணீரில் முழுக்குவதா, தலையில் தெளிப்பதா, உங்கள் சபையின் முறையைப் போதகர் சொல்வார். வகுப்பில் சண்டை வேண்டாம்.

தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ சொல்வது

ஒருவர் தண்ணீரில் இறங்கினால்தான் பரலோகம் என்று பயமுறுத்துகிறார். இயேசு பரதீசை வாக்களித்த, சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்? இன்னொருவர், விசுவாசம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் சடங்கு என்கிறார். ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு வீட்டில் பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பிறகும் பேதுரு அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னாரே! இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் கொடுப்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சாமி படத்துக்குத் தினமும் விளக்கேற்றும் அம்மாவுக்கு இந்தச் செய்தி ஃபேஸ்புக் படம் பார்த்துத் தெரியவரக் கூடாது. மகனே வாய் திறந்து சொல்லட்டும், வேண்டுமானால் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள், திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். 21 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஊர் திரும்புகிறவரை விட்டுவிடுவது

வெளிநாட்டு ஊழியர் விடுதியிலிருந்து ஞாயிறுதோறும் வரும் தம்பிகளுக்கு வேலை பெர்மிட் முடியும்போது, கட்டிப்பிடித்து வழியனுப்புவதோடு நம் வேலை முடிவதில்லை. ஊரில் அவர் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருப்பார். பக்கத்தில் எந்தச் சபை இருக்கிறது, அங்கே போதகர் யார் என்று விமானம் ஏறும் முன்பே விசாரியுங்கள். நம் போதகரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் கொடுங்கள். முதல் ஞாயிறு சாயங்காலம் போன் போட்டு, ஆராதனைக்குப் போனாயா தம்பி என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் கேளுங்கள்.