லூனாரியா: வெள்ளி நெற்றுக்காக வளர்க்கும் ஈராண்டுப் பூச்செடி

இங்கிலாந்தின் பழைய வீட்டுத் தோட்டங்களில், வேலியோர நிழலில் தானாகவே முளைத்து நிற்கும் லூனாரியாவைப் பூவுக்காக மட்டும் வளர்ப்பவர்கள் குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரை மலரும் அதன் ஊதாப் பூக்களுக்கு நான்கே இதழ்கள். முற்றவிட்ட முள்ளங்கிச் செடியின் பூவைப் பார்த்தவர்களுக்கு அவை புதிதாகத் தோன்றமாட்டா. கடுகும் முள்ளங்கியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன் 1767இல் தம் தோட்டக் குறிப்பேட்டில் இதைச் சுமாரான பூ என்று எழுதி வைத்தார். பூவை மட்டும் வைத்துச் சொன்னால் அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கோடையின் முடிவில் காய் முற்றி நெற்றாகி, அதன் தோல் உரிந்ததும் வெளிப்படும் வட்டமான வெள்ளிச் சவ்வுதான் இந்தச் செடியின் உண்மையான விளைச்சல். நிலவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லூனாரியா என்ற பெயர் வந்ததும், பிரெஞ்சுக்காரர்கள் இதைப் போப்பாண்டவரின் காசு என்றும் டச்சுக்காரர்கள் யூதாசின் காசு என்றும் அழைப்பதும் அந்தச் சவ்வினால்தான்.

இதன் அறிவியல் பெயரான லூனாரியா ஆனுவாவில் உள்ள இரண்டாவது சொல்லுக்கு ஓராண்டுக்குரியது என்று பொருள். அதை நம்பி விதைப்பவர்கள் முதல் கோடை முழுவதும் பூவை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். முதல் ஆண்டில் இலைகள் மட்டுமே வரும். குளிர்காலத்தைத் தரையோடு படுத்துக் கழித்த பிறகு, அடுத்த இளவேனிலில்தான் தண்டு எழுந்து பூக்கும். அந்தக் குளிர் இல்லாவிட்டால் பூ இல்லை என்பதால், தமிழ்நாட்டின் சமவெளிகளில் இதை முயல்வதில் பயனில்லை. குளிர்நாடுகளில் தோட்டம் வைத்திருப்போருக்கே இது உரியது.

மே, ஜூன் மாதங்கள் விதைப்பதற்கு ஏற்றவை. விதைகள் தட்டையாகவும் பெரியனவாகவும் இருப்பதால் கையாள்வது எளிது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழுகிற, நீர் தேங்காத இடமாகத் தேர்ந்து, மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, 1 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முளைத்துவிடும். பிறகு செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி இருக்கும்படி, நெருங்கி முளைத்தவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாதலால், வளர்ந்த பிறகு பிடுங்கி நட்டால் தளர்ந்துவிடும். தொட்டியில்தான் விதைத்தாக வேண்டும் என்றால், வேர் சுருண்டு கொள்வதற்கு முன்பே, செப்டம்பருக்குள் நிலத்துக்கு மாற்றிவிடுங்கள். முட்டைக்கோஸ் பயிரிட்டு வேர்வீக்க நோய் கண்ட பாத்தி மட்டும் வேண்டாம். ஒரே குடும்பமாதலால் அந்த நோய் இதையும் பிடிக்கும்.

முதல் ஆண்டின் பராமரிப்பு மிகக் குறைவு: வறட்சியில் தண்ணீர், இளநாற்றை நத்தையிடமிருந்து காப்பது, களை எடுப்பது. களை எடுக்கும்போதுதான் கவனம் தேவை. இதய வடிவில், ஓரம் பற்களாக வெட்டுப்பட்ட, சற்றுச் சொரசொரப்பான இலைகளைக் களை என்று நினைத்து எறிந்துவிடுவோர் பலர். ஒரே முறை விதைத்தால் ஓராண்டு பூவும் அடுத்த ஆண்டு வெறும் இலையுமாக மாறி மாறி வரும். எனவே அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விதைத்துவிட்டால், அதன் பிறகு உதிரும் விதைகளே தொடர்ச்சியைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் ஆண்டில் செடி 60 முதல் 90 செ.மீ. வரை உயரும். வாடிய பூக்களைக் கிள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், பூ போனால் காய் இல்லை. காற்று வீசும் இடமானால் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். பிரிட்டனில், ஆணுக்கு மட்டும் சிறகு நுனி ஆரஞ்சு நிறமாக இருக்கும் வண்ணத்துப்பூச்சி வகை ஒன்று இதில் முட்டையிடும். அதன் புழு சில காய்களைத் தின்னும். அதற்கு மருந்தடிக்க எனக்கு மனம் வருவதில்லை, மிச்சமிருப்பதே போதுமானது.

எல்லாம் அறுவடையின் நேரத்தில்தான் இருக்கிறது. பச்சைக் காயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே விதைகளின் நிழல் தெரியும். அப்போது அறுப்பது அவசரம். பச்சை முழுவதும் மறைந்து, தோல் வெங்காயச் சருகு போல உலர்ந்து சலசலக்கும் ஜூலை, ஆகஸ்டு நாட்களில், பனி காய்ந்த பிறகு தண்டோடு வெட்டுங்கள். இதற்கு மேல் தாமதித்தால் மழை பட்டுச் சவ்வில் கரும்புள்ளி விழும். ஓராண்டு நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டதில், கைநிறையக் கிடைத்திருக்க வேண்டியதில் பாதி குப்பைக்குப் போயிற்று.

வெட்டிய தண்டுகளைச் சிறு கட்டுகளாக்கி, காற்றோட்டமுள்ள உலர்ந்த நிழலில் இரண்டு வாரம் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பிறகு ஒரு நெற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து, வறுத்த வேர்க்கடலையின் தோலை நீக்குவது போல மெல்லத் தேய்த்தால், இரு பக்கத் தோலும் விதைகளோடு கழன்று விழும். விளிம்பு வளையத்தில் இழுத்துக் கட்டியது போன்ற பளபளப்பான சவ்வு மட்டும் காம்பில் நிற்கும். அழுத்தினால் கிழிந்துவிடும், ஈரமான நாளில் செய்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் ஊற்றாத குவளையில், ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் ஊடுருவும்படி வையுங்கள். ஈரமும் தூசும் அண்டாவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். துணியில் சேர்ந்த விதைகளைக் காகித உறையில் இட்டு, நிறமும் ஆண்டும் எழுதி வையுங்கள். வெள்ளைப் பூ, ஊதாப் பூ இரண்டும் அருகருகே வளர்ந்திருந்தால், அந்த விதையில் வருவது எந்த நிறம் என்பது இரண்டு கோடை கழித்துத்தான் தெரியும்.