தூவானத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருக்கிற எழுவான்கரையில் கிழக்கு பார்த்த வாசல் என்றால், மாரி தொடங்கியதும் சாக்கும் கையுமாக நிற்க வேண்டியதுதான். வாடைக்காற்று கடலில் இருந்து நேரே வந்து, விறாந்தையைத் தாண்டி நிலைக்குள் தூவானத்தை அடிக்கும். பலகைக் கதவு ஊறிப் பருத்து, இழுத்தாலும் வராது. அதற்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் கதவு போடலாம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் அலுமினிய வேலை செய்கிறவன் நான். ட்ரில் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் நீங்களே பூட்டலாம்.

இந்தக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். ஆகவே வாசலுக்கு வெளியே ஒரு ஆள் விலகி நிற்க இடம் வேண்டும். நிலையை ஒட்டியே படி இறங்குகிறது என்றால் முதலில் மேசனைப் பிடித்துப் படியை அகலமாக்குங்கள்.

பழைய நிலைகள் நேராக இருப்பது அபூர்வம். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளவெடுங்கள். உள்ளதில் சிறியதுதான் கணக்கு. மூலைக்கு மூலையும் நாடா பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் அளவை இரண்டாம் தரம் பார்க்காமல் கண்ணாடிக்குச் சொல்லாதீர்கள். டெம்பர் கண்ணாடியை வெட்டிய பிறகுதான் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். அதற்கப்புறம் ஒரு நூல் கூட எடுக்க முடியாது. 5 மில்லிமீற்றர் கனம் போதும்.

பூட்டும்போது பிணைச்சல் பக்கச் சட்டத்தை முதலில் நிறுத்துங்கள். மேலே ஒரு ஸ்குரூ மட்டும் இறுக்கி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, பிறகு மற்றவை. இரும்பு ஸ்குரூ வேண்டாம். உப்புக்காற்றில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து அலுமினியம் அரிக்கும். கடலோரத்துக்கு 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்குரூ கேளுங்கள். இடுக்கை அடைக்கப் பூசுகிற சிலிக்கனிலும் புளித்த வினாகிரி மணம் அடிக்கிற வகை உலோகத்துக்கு ஆகாது, நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். “மகன், ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வரப்படாது” என்பார்கள் அம்மாமார். வரும், அம்மா. வாடை அடிக்கும்போது எந்தக் கதவுக்குள்ளும் கொஞ்சம் வரும். வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். அதனால் மேலேயும் இரு பக்கமும் மட்டும் சிலிக்கன் பூசுங்கள். கீழ்ச் சட்டத்தின் வெளி முகத்தில் சிறு துளைகள் இருக்கும், அவற்றை மூடிவிடாதீர்கள். வாசற்படிச் சீமெந்தும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது நிலைப்பக்கம் ஓடினால் சரிவைத் திருத்திய பிறகுதான் கதவு.

காலை வெயில் நேரே விழுகிற வாசலில் இரண்டு கதவுக்கும் இடையில் சூடு அடைபட்டு, பலகையின் பெயின்ட் கொப்புளிக்கும். மேல் பாதிக் கண்ணாடியை இறக்கினால் நுளம்பு வலை வருகிற மாதிரிச் செய்யச் சொல்லுங்கள். மழை இல்லாத மாதங்களிலும் கதவு பயன்படும், டெங்குக் காலத்தில் சொல்லவே வேண்டாம். கதவு மெதுவாகச் சாத்துவதற்கு ஒரு குளோசரும், காற்று பிடுங்கிச் சுவரில் அடிக்காமல் இருக்க ஒரு சங்கிலியும் போடுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் சங்கிலியை வாங்குங்கள்.

அப்புறம், இது தூவானத்துக்கான கதவு, சூறாவளிக்கு அல்ல. 1978 நவம்பர் 23 இல் வந்த மாதிரி ஒன்று வந்தால், பறந்து வருகிற ஒரு ஓட்டுத் துண்டே கண்ணாடியைப் பொடியாக்கப் போதும். கழற்றக்கூடிய கண்ணாடி என்றால், எச்சரிக்கை அறிவித்த உடனே கழற்றிப் படுக்கைக்குக் கீழே வைத்துவிட்டு, பலகைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுங்கள்.