முதல் ஜிம்னி: லிஃப்ட் கிட் அப்புறம், முதலில் காற்று

வண்டி டெலிவரி எடுத்த அன்று இரவே, வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் விலை பார்த்தவன் நான். ஸ்டீல் பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூரைமேல் நீள லைட் என்று பட்டியல் போட்டுக் கூட்டிப் பார்த்தால் வண்டி விலையில் கால்வாசி வந்தது. ஒன்றரை வருடம் கழித்து இப்போது வண்டியில் இருப்பது ஐந்து டயர், ஒரு கம்ப்ரஸர், ஒரு கயிறு, ஒரு மண்வெட்டி. அவ்வளவுதான். நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டியை முதன்முதலாக வாங்கிவிட்டு எங்கே தொடங்குவது என்று முழிப்பவர்களுக்காக எழுதுகிறேன், நான் செலவு செய்த வரிசையில் அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசையில். என்னுடையது மாருதி ஜிம்னி, மேனுவல் கியர். மகிந்திரா தார் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், டயர் அளவு மட்டும் வேறு.

படி 1: எதையும் மாட்டாமல் ஒரு மாதம் ஓட்டுங்கள்

கியர் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரைப் பழகுவதுதான் முதல் வேலை. 4 எச் (நாலு சக்கரமும் இழுக்கும்) ஓடிக்கொண்டே போடலாம், 4 எல் (அதுவே, மெதுவாக, அதிக பலத்தோடு) வண்டியை நிறுத்தித்தான் போட வேண்டும், இதெல்லாம் வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. அதில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இந்த வண்டியில் முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது, 4 எச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகும். மண்ணில் சக்கரம் லேசாக வழுக்கி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாது, முறுக்கு முழுவதும் ஷாஃப்டில் ஏறும். பெட்ரோல் பங்கில் வளைத்துத் திருப்பும்போது வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல் தத்தித் தத்திப் போனதும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து இறங்கிப் பார்த்தேன். லீவர் 4 எச்சிலேயே இருந்தது.

படி 2: டயர்

பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். கம்பெனி அளவு 195/80 ஆர் 15, விட்டம் 693 மில்லிமீட்டர். நான் ஆசைப்பட்டு முதலில் 235/75 போட்டேன், 733 மில்லிமீட்டர் வரும். விட்டம் 40 கூடினால் வண்டி உயர்வது அதில் பாதி, வெறும் 20 மில்லிமீட்டர். அந்த 20 மில்லிமீட்டருக்குக் கொடுத்த விலை என்னவென்றால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசும், பிக்கப் போய்விட்டது, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 105-க்கு மேல் போய்க்கொண்டிருப்பேன். கம்பெனி ரிம் 5.5 இஞ்ச் அகலம்தான், 235 டயருக்கு அது குறுகல். டயர்க்கடையில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு 215/75 ஆர் 15-க்கு வந்தேன். விட்டம் பத்து மில்லிமீட்டர்தான் கூடுதல், எங்கும் உரசாது. பொலேரோவுக்குப் போடும் அளவு என்பதால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

எல்லாப் பாதைக்கும் பொதுவான ஏடி (ஆல் டெரெய்ன்) டயரா, சேற்றுக்கென்றே செய்த எம்டி (மட் டெரெய்ன்) டயரா? தொடங்குபவர்களுக்கு ஏடிதான், சந்தேகமே வேண்டாம். கோவில்பட்டி பக்கம் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு போவீர்கள் என்றால் மட்டும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஏடி டயரின் பள்ளங்களில் கரிசல் அப்பிக்கொள்ளும், நாலு சுற்றில் டயர் வழவழவென்று பனங்காய் மாதிரி ஆகிவிடும். அதை உதறித் தள்ள எம்டியால்தான் முடியும். ஆனால் மழை நின்ற அன்றே கரிசலில் இறங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, அங்கே விவசாயம் செய்கிறவர்களே இரண்டு நாள் காயவிட்டுத்தான் இறங்குவார்கள்.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் 4 எச்சில் முன்பு சொன்ன அதே முறுக்கு நேர்ச்சாலையிலேயே ஏறும்.

படி 3: காற்று இறக்குவது

என்னை மண்ணைக் கவ்வ வைத்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சாத்தான்குளம் பக்கம் நண்பரின் மாமனாருக்குப் பனந்தோப்பு இருக்கிறது. தேரி மண், செக்கச் செவேல் என்று, காலை வைத்தால் கணுக்கால் வரை புதையும். புது டயர், 4 எல், தெம்பு எல்லாம் இருந்தது. முப்பது அடி போனேன். பிறகு ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டிக்கொண்டு கீழே போய், அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. மூன்று பேர் ஒரு மணி நேரம் மண்ணை அள்ளினோம், அள்ள அள்ளச் சரிந்தது. தோப்புக்குத் தண்ணி லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, காத்தைப் பாதியா இறக்கிட்டு மெதுவா எடுங்க" என்றார். 16 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி வெளியே வந்தது.

காற்று குறைந்தால் டயர் தரையில் பதியும் தடம் நீளமாகிறது, அதே எடை அதிக இடத்தில் பரவுகிறது, சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகிறது. இதை எந்த லிஃப்ட் கிட்டும் செய்யாது.

என் கணக்கு: சரளைப் பாதைக்கு 22 முதல் 24, சேற்றுக்கு 18, ஆழ்ந்த மணலுக்கு 15 அல்லது 16. வண்டி ஓடிச் சூடான டயரில் அளந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 15-ல் இருக்கும்போது 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம், சட்டென்று ஒடிக்கவும் வேண்டாம். கேஜ் நல்லதாக வாங்குங்கள். முள் காட்டும் கேஜ்தான் எனக்குப் பிடிக்கும். டிஜிட்டல் கேஜில் தேவைப்படும் அன்றைக்குத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும்.

இறக்கிய காற்றை யார் ஏற்றுவது? இங்கே இரண்டாவது அடி. என்னிடம் இருந்தது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன கம்ப்ரஸர். முதல் டயருக்குப் பத்து நிமிடம் எடுத்தது, இரண்டாவதில் பாதியிலேயே நின்றுவிட்டது, தொட்டால் சுட்டது. எரிந்துவிட்டது என்று நினைத்து, நாலு சக்கரமும் தொளதொளவென்று இருக்க, ஒன்பது கிலோமீட்டர் ஊர்ந்து பங்க் வரை வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருக்கிறது, போனது சாக்கெட்டின் ஃப்யூஸ். 12 வோல்ட், 15 ஆம்ப் ஃப்யூஸ் என்றால் 180 வாட்டுக்கு மேல் அந்த சாக்கெட் தாங்காது. பானெட்டைத் திறந்து பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் கம்ப்ரஸர்தான் வாங்க வேண்டும், எஞ்சின் ஓடும்போதுதான் ஏற்ற வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 4: கயிறு

தனியாகப் போகாதீர்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது வண்டி இருந்தால் கைனடிக் கயிறு வேண்டும். சாதாரண இழுவைப் பட்டை நீளாது, வெடுக்கென்று இழுக்கும். கைனடிக் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு மெதுவாக இழுக்கும். எங்கே மாட்டுகிறோம் என்பது கயிற்றைவிட முக்கியம். டிரெய்லர் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள், அது பிய்ந்தால் பீரங்கிக் குண்டுதான். லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்கென்று கீழே இருக்கும் மெல்லிய வளையங்களும் இதற்கு இல்லை. சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கி மட்டும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு நனைத்த சாக்கைப் போடுங்கள், அறுந்தால் கயிறு மேலே எகிறாது. வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்று நீளத்துக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள், முக்கியமாக வீடியோ எடுப்பவரை.

மடக்கும் ஷவல் வாங்காதீர்கள். நம்மூர் மண்வெட்டிதான்.

லிஃப்ட் கிட்?

ஐந்து கதவு ஜிம்னியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் ஏறி இறங்கப் பிரச்சினை இல்லை, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே நீளம் அதிகம் என்பதால் வரப்பில் ஏறும்போது நடு வயிறுதான் தட்டும். வரப்பைச் சாய்வாக ஏறப் பழகினால் பாதி தீர்ந்தது. இரண்டு இஞ்ச் தூக்கினால் அச்சு ஒரு பக்கமாக நகரும், ஸ்டீயரிங் கோணம் மாறி நெடுஞ்சாலையில் வண்டி அலையும், அதற்கெல்லாம் தனித்தனியாகச் சாமான் வாங்க வேண்டும். போதாததற்குச் சட்டம். வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி (புல் பார்) மாட்டுவதை ஒன்றிய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துவிட்டு ஒருவர் 10 பிஎஸ்ஐ வரை இறக்கி மணலில் வேகமாக வளைத்திருக்கிறார், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. 15-க்குக் கீழே போகாதீர்கள், போனால் ஜாக்கி அடியில் வைக்க ஒரு பலகையாவது எடுத்துப் போங்கள்.

பஞ்சர் கிட்டை எழுத மறந்ததற்குத் திட்டு வாங்கினேன், நியாயம்தான். தென்மாவட்டங்களில் சீமைக் கருவேல முள் இல்லாத பாதை இல்லை. ஒட்டுத் திரி பத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். டயர் பக்கச் சுவரில் முள் ஏறினால் திரி பிடிக்காது, ஸ்டெப்னிதான். காற்று இறக்கிய டயரில் அந்தச் சுவர் பிதுங்கி நிற்கும், ஆகவே முள் வேலியை ஒட்டி ஓட்டாதீர்கள்.

இன்னொருவர், மணலில் சக்கரத்துக்கு அடியில் பனை மட்டை போடலாமா என்று கேட்டிருந்தார். ஐயையோ, வேண்டாம். அதன் இரண்டு ஓரமும் கருக்கு, ரம்பம் மாதிரி. டயரைக் கிழிக்கிறதோ இல்லையோ, சக்கரம் சுற்றும்போது மட்டை பின்னால் பறக்கும், தள்ளுகிறவர் கால் போய்விடும். தென்னை மட்டையோ பழைய சாக்கோ போடுங்கள், அப்போதும் தள்ளுகிறவர் நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும்.