ஊர் திரளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஊருக்கு அருகில் ஆலையோ குவாரியோ குப்பைக் கிடங்கோ வரப்போகிறது என்ற செய்தி, பெரும்பாலும் பொக்லைன் இயந்திரமாகத்தான் மக்களிடம் வந்து சேர்கிறது. வண்டிப்பாதையில் இயந்திரம் இறங்கிய பிறகு ஊர் கூடுகிறது, சாலை மறியல் நடக்கிறது, தாசில்தார் வருகிறார். ஆனால் அந்த இயந்திரம் வந்து நிற்பதற்கு வெகு நாள்களுக்கு முன்பே திட்டத்திற்கான விண்ணப்பம் பதிவாகி, மதிப்பீட்டு அறிக்கை எழுதப்பட்டு, பல நேரங்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடந்து முடிந்திருக்கும். சுற்றுச்சூழல் நீதிக்காக ஊர்மக்கள் நடத்தும் போராட்டங்கள் ஆள் போதாமல் தோற்றதை நான் அதிகம் கண்டதில்லை. ஊரின் பலம் முழுவதும் ஒரு நாள் திரளுக்குச் செலவாகிவிட, முடிவுகள் எடுக்கப்படும் தேதிகளும் ஏடுகளும் கவனிப்பாரற்றுப் போனதால் தோற்றவையே மிகுதி.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பாக, தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வெளியாக வேண்டும்; வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். உள்பக்க மூலையில் சின்ன எழுத்தில் வரும் அந்த அறிவிப்பை, டீக்கடையில் நாளிதழ் படிப்பவர்கள் எளிதில் தாண்டிப் போய்விடுவார்கள். பார்த்தவர்களும் சுருக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முழு அறிக்கையில்தான் எவ்வளவு நிலத்தடி நீர் எடுக்கப்படும், கழிவு எங்கே விடப்படும் என்ற விவரங்கள் இருக்கும். அறிக்கை எழுதியவர் ஊர்ப்பக்கமே வராதவர் என்றால் அதற்கான தடயமும் அங்கேதான் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரின் வரைபடத்தில் ஓடும் ஓடை அறிக்கையில் காணாமல் போயிருக்கலாம், இரண்டு போகம் விளையும் வயல் தரிசு என்று பதிவாகியிருக்கலாம். அப்படியொரு பிழையைப் புல எண்ணோடு எழுத்தில் சுட்டிக்காட்டுவது, ஐம்பது பேர் சேர்ந்து முழங்குவதைவிட நிறுவனத்தைச் சங்கடத்தில் ஆழ்த்தும். ஏனெனில், கூட்டத்தில் எழுப்பப்பட்ட கவலைகளுக்கு இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டிய கடமை அதற்கு உண்டு. (முழக்கத்தின் மீது எனக்குக் காழ்ப்பு இல்லை; முழக்கத்துக்குப் புல எண் கிடையாது, அவ்வளவுதான்.)

கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் புறக்கணித்தால் அது செல்லாமல் போய்விடும் என்ற நம்பிக்கை பல ஊர்களில் இருக்கிறது. இது தவறு; அந்த அறிவிக்கையில் கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பே கிடையாது, பத்துப் பேர் இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். நாற்காலிகளைத் தூக்கி எறிந்து கூட்டத்தைக் குலைப்பது இதைவிட ஆபத்தானது. மக்கள் தங்கள் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்லும் சூழல் அப்பகுதியில் இல்லை என்று கூட்டத்தை நடத்தும் அமைப்பு அறிக்கை கொடுத்தால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அதே அறிவிக்கை, அனுமதி வழங்கும் ஒழுங்குமுறை அமைப்புக்குக் கொடுத்திருக்கிறது. புறக்கணிக்க வேண்டிய தருணங்கள் இருக்கலாம். அப்போதும் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்ற பின்பே வெளியேற வேண்டும். பேசப் போகிறவர்கள் கடைசி வரை இருப்பதும் முக்கியம், ஏனெனில் நடவடிக்கைக் குறிப்பு கூட்ட முடிவில் மக்களின் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டுத் தலைமை வகிக்கும் அதிகாரியால் கையெழுத்திடப்பட வேண்டும் என்பது விதி. பேசி முடித்த களைப்பில் ஊர் கலைந்துபோகும் அந்த அரைமணி நேரத்தில், யாரும் எதிர்க்கவில்லை என்ற தொனியில் ஒரு குறிப்பு வாசிக்கப்பட்டால், அதைத் திருத்தச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. முழுக் கூட்டமும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் விதி இருப்பதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அனுமதி வழங்கப்பட்ட பிறகு கடிகாரம் இன்னும் வேகமாக ஓடத் தொடங்குகிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன்படி, சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்கள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள். அதற்குப் பிறகு போனால், தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கே இல்லை. ஏற்கெனவே இயங்கும் ஆலையால் ஏற்படும் பாதிப்பு குறித்த மனுக்களுக்கு ஆறு மாதமும் அதன் மேல் 60 நாள்களும் உண்டு. இழப்பீடு கோருவதற்கு ஐந்து ஆண்டுகள். இந்தக் கணக்குத் தெரியாமல், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டே 90 நாள்களைக் கடந்துவிட்ட ஊர்கள் உண்டு. மனு கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் மனுவால் கெடு நீளாது.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு தவறு, சாலை மறியலின் முடிவில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தையில் நேர்வது. கோட்டாட்சியரோ தாசில்தாரோ முன்னின்று பேசுகிறார், நிறுவனத்தின் பிரதிநிதி தலையாட்டுகிறார், "பணி தொடங்காது" என்ற வாய்மொழி உறுதியோடு ஊர் வீடு திரும்புகிறது. மூன்று மாதத்தில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார். புதிதாக வருபவரின் மேசையில் அப்படி ஒரு பேச்சுவார்த்தை நடந்ததற்கான காகிதமே இருக்காது. என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்பதை அதே இடத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, நகல் கையில் வந்த பிறகே எழுந்திருக்க வேண்டும். அதே நாளில் இளைஞர்கள் மீது வழக்குப் பதிவாகியிருந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அரசு வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் அந்த வழக்கு நினைவுக்கு வருகிறது என்றால், அது அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் செய்த துரோகம்.

சான்று சேர்ப்பதில் நடக்கும் தவறுகள் வேறு விதமானவை. கிணற்று நீரைக் குளிர்பானப் பாட்டிலில் பிடித்து ஏதோ ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்து, வந்த தாளை நீதிமன்றத்தில் நீட்டினால் அது நிற்காது. நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சட்டப்படியான மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எப்படி எடுக்க வேண்டும் என்பதை வரையறுத்திருக்கிறது. அதற்காக மக்கள் எடுக்கும் மாதிரி வீண் என்று பொருளில்லை. வாரியத்தை நகர்த்துவதற்கு அது உதவும். கடலூர் சிப்காட் வட்டார மக்கள் 2004-ஆம் ஆண்டு வாக்கில் செய்தது இந்த விஷயத்தில் கவனிக்கத் தக்கது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே வாளிக்குள் பொருத்திய பையில் காற்று மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஆலையின் பக்கமிருந்து, எதைப் போன்ற நாற்றம் வந்தது என்று குறித்தும் வைத்தார்கள். "எப்போதும் நாறுகிறது" என்ற புகாரை அதிகாரி எளிதாகத் தள்ளிவிடலாம். தேதியும் நேரமும் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை அப்படித் தள்ளுவது கடினம். இதற்கு நேர்மாறானது, வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் "வீட்டுக்கு வீடு புற்றுநோய்" வகைச் செய்தி. பட்டியல் எங்கே என்று எதிர்த் தரப்பு கேட்கும் நாளில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனால், உண்மையாகவே நோயுற்றவர்களின் குரலும் அதோடு சேர்ந்து மதிப்பிழந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானதும், நாம் பேசத் தயங்குவதும், யாரை அழைக்காமல் ஊர் கூடுகிறது என்பதுதான். போராட்டக் குழுவின் முதல் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தால், அந்த மண்டபத்துக்குள் நுழைய முடியாத காலனி மக்கள் முதல் நாளிலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். ஆனால் கழிவுநீர் பெரும்பாலும் தாழ்வான இடத்தில் இருக்கும் காலனியைத்தான் முதலில் எட்டுகிறது. நில எடுப்புக்கு எதிரான போராட்டம் பட்டாதாரர்களின் இழப்பீட்டுப் பேச்சாகச் சுருங்கும்போது, அந்த நிலத்தில் நடவு நட்டும் களை எடுத்தும் பிழைத்த கூலிக் குடும்பங்களுக்கு அதில் பங்கே இருப்பதில்லை. அவர்களில் சிலர் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போனால், ஊர் அவர்களைத் துரோகிகள் என்கிறது. நிறுவனம் ஊரைப் பிரித்துவிட்டது என்று பிற்பாடு சொல்கிறோம். பிரிவு ஏற்கெனவே இருந்தது, நிறுவனம் அதைப் பயன்படுத்திக்கொண்டது என்பதே சரியான விவரிப்பு.

தொழிலாளர்களை எதிரிகளாக நிறுத்தாமல் நடந்ததற்குக் கொடைக்கானல் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே இயங்கிய வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச் 7 அன்று ஊர்மக்களும் சூழல் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டிலேயே ஆலை மூடப்பட்டது. வேலையிழந்த தொழிலாளர்கள் சூழல் ஆர்வலர்கள் மீது ஆத்திரப்பட்டிருக்கலாம். ஆனால் பாதரச ஆவியைச் சுவாசித்தவர்கள் அவர்கள்தான் என்பதால், முன்னாள் தொழிலாளர்களின் உடல்நலமும் மலையின் காடும் ஒரே கோரிக்கையாயின. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். பதினைந்து ஆண்டுகள் அந்தக் கூட்டு உடையாமல் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுப் பிளாச்சிமடையில், கோக்க-கோலா ஆலையின் முன் 2002 ஏப்ரல் 22-இல் தொடங்கிய அமர்வுப் போராட்டத்தின் முகமாக இருந்தவர் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண். கிணற்றில் நீர் எப்போது மாறியது, அதில் வேகவைத்த சோறு எப்படிக் கெட்டது என்பதெல்லாம் நீர் சுமக்கும் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும்; குழுவில் பெயரளவுக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துவிட்டு மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைப்பவர்கள் இந்த அறிவை இழக்கிறார்கள். அங்கே இன்னொன்றும் நடந்தது. ஆலைக்கு உரிமம் கொடுத்த அதே பெருமாட்டி ஊராட்சிதான், 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. தொடக்கத்தில் எதிர்ப்பக்கம் இருந்த ஊராட்சியை நிரந்தர எதிரியாக முத்திரை குத்தியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. நம் ஊர்களில் ஊராட்சித் தலைவரைத் திட்டி ஒரு சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கிராம சபைத் தீர்மானம் பற்றி இரண்டு எதிரெதிரான மயக்கங்கள் உண்டு. தீர்மானம் போட்டுவிட்டால் திட்டம் நின்றுவிடும் என்பது ஒன்று; அதனால் ஒரு பயனும் இல்லை என்பது மற்றொன்று. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தபோது அந்த முடிவுக்குப் பலம் இருந்ததற்குக் காரணம், வன உரிமைச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றமே அவற்றிடம் கேள்வியை அனுப்பியிருந்தது. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளே இல்லாத தமிழ்நாட்டில், சமவெளி ஊர் ஒன்றின் தீர்மானத்துக்கு அதே பலம் தானாக வந்துவிடாது. அதே நேரம், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். 2022-லேயே அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தவுடன் அந்த ஆவணம் கையில் இருந்தது, கிராம சபைத் தீர்மானம் சேர்ந்தது, டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் வந்தது, ஜனவரி 7 அன்று மதுரையை நோக்கிப் பெரும் பேரணி நடந்தது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பேரணியின் படங்கள்தான் எல்லோருக்கும் நினைவில் இருக்கின்றன.

தீர்மானத்தைப் பலவீனமாக்கும் தவறுகள் மிகச் சிறியவை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் குறைந்தால் தீர்மானமே கேள்விக்குள்ளாகும். தீர்மான வாசகம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்காமல், கைதட்டியதோடு கலைந்து, பிறகு நகல் கேட்டு ஊராட்சிச் செயலரிடம் நடையாய் நடப்பது வழக்கமாகிவிட்டது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்தாலும் வரவு செலவை மாதம் ஒருமுறை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் அமைப்புகளின் உதவியைப் பெறுவதில் தவறில்லை; செய்தியாளர்களிடம் பேசுபவர் ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

வெற்றிக்குப் பிறகு குழு கலைந்துபோவது கடைசித் தவறு. பிளாச்சிமடை ஆலை 2004-இல் நின்றது. ஏற்பட்ட சேதத்துக்கு 216.26 கோடி ரூபாய் என்று உயர்மட்டக் குழு 2010-இல் மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆலையை நிறுத்துவது ஒரு போராட்டம், கெட்டுப்போன நிலத்துக்கும் நீருக்கும் கணக்குத் தீர்ப்பது அதைவிட நீண்ட மற்றொன்று. தோற்ற ஊருக்கும் வேலை மீதமிருக்கிறது. அனுமதி பெற்று இயங்கும் திட்டம், அனுமதியின் நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். ஆலையைச் சுற்றிப் பசுமை வளையம் வளர்ந்துவிட்டதாக அறிக்கை சொன்னால், அதை வாசலுக்கு வெளியே நின்றே சரிபார்த்துப் படமெடுத்து வாரியத்துக்கு எழுத ஊரில் இரண்டு பேர் போதும்.